ஸ்கேலுக்கு அடியில் ஒரு வரி

உங்களுக்கு டாஷ்போர்டு இருக்கிறது. யார் எந்தத் தளத்தில் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தார் என்பதை, கேட்காமலே கலர் கலராகக் காட்டிவிடுகிறது. எனக்கு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் ஓரடி மர ஸ்கேலும்தான் இருந்தன. பிரின்டர் எதற்கு என்று உங்களுக்கே புரியும். ஸ்கேல் எதற்கு என்று போகப் போகச் சொல்கிறேன்.

சிஸ்டம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "சார், ஒருத்தரோட பிரௌசிங் ஹிஸ்டரி மொத்தத்தையும் எச்.ஆர்.ல கேக்கறாங்க, குடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே கேள்விக்கு ஒருமுறை தப்பான பதிலை அச்சடித்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் முழுக் கதையையும் கேட்டுத் தொலையுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை நிறுவனம். கீழே கடை, மாடியில் ஆபீஸ். ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே ஒரு டெலிபோன் லைன். ஐந்து கம்ப்யூட்டரும் அந்த ஒரு லைன் வழியாகத்தான் உலகத்தை எட்டிப் பார்க்க வேண்டும். கீழே கடையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மாடியில் ஐந்து பேருக்கும் இணைப்பு அறுந்துவிடும். அப்புறம் மோடம் மறுபடி கூவிக் கரகரத்து உயிர் பிடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இந்த ராஜ்ஜியத்துக்கு நான்தான் சிஸ்டம் இன்சார்ஜ்.

எங்கள் முதலாளி நெசவாளர் வீட்டில் பிறந்த தெலுங்குக் குடும்பத்துக்காரர். ஜரிகையைக் கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் இரண்டு கையையும் உதறுவார். "எனக்கு அதெல்லாம் வராதுபா, பசங்க பாத்துக்கறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஆனாலும் ஐந்தில் ஒரு கம்ப்யூட்டர் அவர் அறையில் இருந்தது. கௌரவத்துக்கு வைத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம ஆபீஸ்ல அவனவன் இன்டர்நெட்ல இன்னா பாத்துக்கினு இருக்கறான்னு எனக்குத் தெரியணும். மெட்ராஸ்ல பெரிய கம்பெனில எல்லாம் அப்டிதான் பண்றாங்களாம். தெனம் சாயங்காலம் ஒரு பேப்பர் என் டேபிளுக்கு வந்துடணும்."

ஒரு மென்பொருளைப் போட்டேன். ஐந்து கம்ப்யூட்டரும் வெளியே போகும் வழியில் அது வாசற்காரன் மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. சாயங்காலம் முதல் அறிக்கை சத்தம் போட்டுக்கொண்டே பிரின்டரிலிருந்து இறங்கியது. அதிக நேரம் பார்த்தவர் மேலே, குறைவாகப் பார்த்தவர் கீழே. பட்டியலின் முதல் வரியில், நாலு மணி நேரத்தோடு, 'முதலாளி அறை' என்று இருந்தது.

மென்பொருள் கோளாறு என்று நினைத்தேன். மறுநாளும் அவரே முதல். அதற்கு மறுநாளும் அவரே. அவர் என்ன பார்த்தார் என்பதை இந்த இருபது வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லப் போவதில்லை, ஆசைப்படாதீர்கள்.

அந்தத் தாளை அப்படியே அவர் மேஜைக்குக் கொண்டுபோக எனக்கு என்ன பைத்தியமா? பட்டியலிலிருந்து ஒருவரை மட்டும் நீக்குவது எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. அதனால் முதல் வரியின் மேல் மர ஸ்கேலை வைத்து மூடி ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். மேலே ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது, அதற்குக் கீழே மற்றவர்களின் வண்டவாளம் வரிசையாக நின்றது. முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்து, "ஹூம், சம்பளம் குடுத்து இந்தக் கூத்தா" என்று தலையை ஆட்டினார். நானும் அவரோடு சேர்ந்து ஆட்டினேன்.

பட்டியலில் இரண்டாம் இடம் எப்போதும் வரதனுக்கு. சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் திருமண் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆர்டர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர். கிரிக்கெட் நடக்கும் நாளில் கடிதம் எழுதுகிற பாவனையில் ஸ்கோர் பார்ப்பார். முதலாளி உத்தரவுப்படி அந்தத் தளத்தைப் பூட்டினேன். மனுஷன் அசரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைத் தூக்கி மைத்துனனிடம் ஸ்கோர் கேட்டார். அவர் தூக்கும்போதெல்லாம் ஐந்து கம்ப்யூட்டரும் படுத்தன. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய மெயில் அன்று போகவே இல்லை. மறுநாள் காலை பூட்டைத் திறந்துவிட்டேன். "ஏன்யா, ஒரு விக்கெட் விழுந்தது தெரியாம மனுஷன் எப்படி மெட்டீரியல் டிஸ்பாட்ச் பத்தி எழுதுவான்?" என்று வரதன் நியாயம் வேறு கேட்டார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கைக்கு நடுவில் எனக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கும் நடக்கும். முதல் வாரம் கடமைக்குப் பார்த்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து ருசிக்குப் பார்த்தேன். யார் வரன் தேடுகிறார், யார் கை நடுக்கத்துக்கு வைத்தியம் தேடுகிறார், யார் தூரத்து அத்தை பையனுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார் என்று எல்லாம் எனக்குத் தெரிந்தது. எதிரே வந்து 'குட்மார்னிங்' சொன்னால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். வெட்கங்கெட்ட சுகம் அது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாததெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறவன் மேஜைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க மாட்டான்.

இனி எஸ்தர். எங்கள் டிசைன் பிரிவே அவள் ஒருத்திதான். ஊர் திருமுக்கூடல் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, அப்பா கொத்தனார், இவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்களிடம் வந்தாள். இருபத்து மூன்று வயது. மற்ற நிறுவனங்களில் கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்த காலத்தில் அவள் திரையில் வரைந்தாள். "அந்தப் பொண்ணு கையிலயா மொத்த டிசைனையும் குடுத்து வெச்சிருக்கறே?" என்று முதலாளியின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் என் காதுபடவே கேட்டதுண்டு. அவர்கள் 'அந்த' என்று சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வருடம் தீபாவளிக்கு அவள் ஒரு கரை போட்டாள். கரை நெடுக அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எட்டு அன்னம் நேராகப் பார்க்கும், ஒன்பதாவது மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, சட்டென்று அந்த ஒன்று கண்ணில் படும், பட்ட பிறகு அடுத்தது எங்கே என்று தேடத் தோன்றும். முதலாளி குழந்தை மாதிரி குதித்தார். பதினெட்டுத் தறியில் அதையே ஏற்றினார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று எல்லோருக்கும் கட்டளை.

புரட்டாசி மாதம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த போட்டிக் கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் அன்னம் போட்ட புடவை தொங்கியது. கழுத்தைத் திருப்பிய அன்னத்தோடு.

முதலாளி யாரையோ அனுப்பி அதில் ஒன்றை வாங்கிவரச் செய்தார். மாடிக்கு ஏறி வந்து என் மேஜையில் வீசினார். கோபம் தலைக்கேறினால் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அன்று அரை நிமிடம் தெலுங்கிலேயே பொரிந்தார். அப்புறம் தமிழுக்கு வந்தார். "ஆடி மாசத்துலேர்ந்து யார் யார் வெளிய மெயில் அனுப்பி இருக்கறாங்க, எனக்கு லிஸ்டு வேணும். இப்பவே."

இங்கேதான் நான் சொதப்பினேன். நன்றாகக் கவனியுங்கள்.

அவர் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, டிசைன் எப்படி வெளியே போனது என்பது. அவர் கேட்டது, யார் மெயில் பார்த்தார்கள் என்பது. இரண்டும் ஒன்றில்லை என்று அந்த மாடியில் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த டிசைன் ஃபைல் யானைக் கனம். எங்கள் மோடத்தில் அதை அனுப்பியிருந்தால் ஒரு நாள் முழுக்க லைன் அடைத்துக்கொண்டு மொத்த ஆபீஸும் என்னை வந்து திட்டியிருக்கும். இதையும் நான் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்து, பொத்தானை அழுத்தினேன். சுத்தமாக அச்சடித்த தாளுக்குக் கீழே கையெழுத்து வேறு. அன்றும் மறக்காமல் ஸ்கேலை வைத்தேன் பாருங்கள், அந்தப் புத்தி மட்டும் வேலை செய்தது.

தாளில் மூன்று பேர் பெயர் இருந்தது. வரதன் தினமும் வெளி மெயில் பார்த்திருந்தார். கணக்கு எழுதும் அம்மாள் வாரம் இரண்டு நாள். எஸ்தர் மதிய சாப்பாட்டு நேரத்தில் மட்டும், பன்னிரண்டு தடவை. முதலாளி பென்சிலை எடுத்து ஒரே ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். மூன்றில் அது மட்டும் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"நாளைக்குக் காலையில விசாரிக்கறேன். ஒத்துக்கினா வேலையோட போகட்டும். இல்லன்னா ஊர்ல ஒரு கடை விடாம போன் போட்டுச் சொல்லிடுவேன், டிசைன் வித்த பொண்ணுன்னு."

காஞ்சிபுரத்தில் அந்தப் பெயர் விழுந்தால் அவ்வளவுதான். பட்டுக்கடை வாசல் எதுவும் திறக்காது. அவள் வாங்கும் சம்பளத்தில்தான் தம்பி ஏனாத்தூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

முதலாளி போன பிறகுதான் எஸ்தர் என்ன அனுப்பினாள் என்று பார்க்கத் தோன்றியது. எங்கள் மென்பொருள், பார்த்த பக்கங்களில் சிலவற்றுக்கு ஒரு நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதைத் திறந்தேன். எஸ்தருடைய மெயில் பக்கங்கள் கிடைத்தன. படித்தேன். வேலைக்கு விண்ணப்பம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு, வரைபடப் பிரிவில் இடம் கேட்டு, நாலு வெவ்வேறு கம்பெனிக்கு எழுதியிருந்தாள். டிசைன் ஒன்றும் போகவில்லை. அன்னத்தின் ஒரு இறகு கூடப் போகவில்லை.

அவள் திருடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படித் தெரிந்தது என்று சொன்னால், அவள் வேறு வேலை தேடுகிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தீபாவளி நேரத்தில் அதுவே முதலாளிக்குப் போதும், அன்றே அனுப்பிவிடுவார். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டால் வேலையோடு பெயரும் போகும். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்தவனுக்கு இந்த மாதிரிப் பரிசுதான் கிடைக்கும்.

மறுநாள் காலை முதலாளி அறை. அவர் நாற்காலியில், எஸ்தர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் சாட்சி மாதிரி ஓரமாக. மேஜையில் எங்கள் புடவையும் போட்டிக் கடைப் புடவையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் கிடந்தன. முதலாளி என் தாளை அவள் முன்னால் தள்ளினார்.

"பன்னெண்டு தபா மெயில் பாத்திருக்கறே. யாருக்குமா அனுப்புனே?"

எஸ்தர் தாளைப் பார்த்தாள். கீழே என் கையெழுத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"டிசைன் அனுப்பல முதலாளி."

"அப்ப இன்னா அனுப்புனே?"

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பேச மாட்டேங்கறே பாத்தியா? தப்பு பண்ணாதவ ஏன் வாய மூடிக்கினு நிக்கணும்?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குனிந்து போட்டிக் கடைப் புடவையின் கரையைக் கையில் எடுத்தாள். விரலை வைத்து எண்ணினாள். முகமே மாறிவிட்டது. கோபம் என்று சொல்ல மாட்டேன், பரீட்சைத் தாளில் தன் பெயரில் வேறு யாரோ கிறுக்கியதைப் பார்த்த மாதிரி ஒரு அருவருப்பு.

"இது என் டிசைனே இல்ல முதலாளி. தப்பா இருக்குது. ஒம்போதுக்கு ஒண்ணு திரும்பணும். இவங்க மூணுக்கு ஒண்ணு திருப்பிப் போட்டு வெச்சிருக்கறாங்க. பாருங்க, கண்றாவியா இருக்குது. நான் அனுப்பி இருந்தா ஒழுங்காதானே அனுப்பி இருப்பேன்?"

"வேணும்னே மாத்தி இருப்பான். எனக்குக் காது குத்தாதே." முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. உனக்குதான் எல்லாம் தெரியுமே. இன்னா மெயில் அது?"

இப்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும் என்பது எஸ்தருக்கு அந்த நிமிடத்தில் புரிந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை, அவர் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. வேறு வழியில்லாதவன் எங்கே பார்ப்பான்? மேலே பார்த்தேன். முதலாளி தலைக்கு மேலே சுவரில் அம்மன் படம், புது மாலையோடு. 'தாயே, காப்பாத்து' என்று மனதுக்குள் சொன்னேன். நான் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அவள் காப்பாற்றினாள் என்பதற்கு நானே சாட்சி.

எங்கள் முதலாளி வீட்டில் ஒரு வழக்கம். புது டிசைன் போட்டால் தறியிலிருந்து இறங்கும் முதல் புடவை விற்பனைக்குப் போகாது. தெருக்கோடி அம்மன் கோயிலுக்குத்தான் போகும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. அந்த வருடமும் ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை அம்மன் அன்னப் புடவையில்தான் ஊர்வலம் வந்தாள். முதலாளி பூரித்துப்போய் அந்த அலங்காரத்தைப் படம் எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடி போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் அதற்கு மாலை போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

உற்சவ அம்மன் சின்ன உருவம். ஆறு கஜப் புடவையை அப்படியே கட்ட முடியாது. குருக்கள் நெருக்கமாக விசிறி மடிப்பு மடித்து, திரும்பிப் பார்க்கும் அன்னம் ஒவ்வொரு மடிப்பின் முகப்பிலும் வருகிற மாதிரி அழகாக வைத்திருந்தார். மற்ற அன்னங்கள் பாதிக்கு மேல் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டன. நான் எண்ணினேன். நேராக இரண்டு, திரும்பியது ஒன்று. நேராக இரண்டு, திரும்பியது ஒன்று.

"முதலாளி," என்றேன். "அம்மன் படத்தைக் கொஞ்சம் எறக்கலாமா?"

"ஏன்டா, அம்மன்மேல சத்தியம் பண்ணப் போறியா?"

"இல்ல. அன்னத்த எண்ணணும்."

ஒரு கணம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். ஆனால் எஸ்தர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. நானாவது முழுதாக எண்ணினேன், அவள் இரண்டு மடிப்பிலேயே பிடித்துவிட்டாள்.

"மூணு," என்றாள். "முதலாளி, அம்மன் கட்டிக்கினு இருக்கறதுல மூணுக்கு ஒண்ணுதான் தெரியுது."

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறினார். மாலையை ஒதுக்கிவிட்டு எண்ணினார். போதாமல் வரதனைக் கூப்பிட்டார். வரதன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு இன்னொரு நாற்காலியில் ஏறி எண்ணினார். "மூணுதான். சந்தேகமே இல்லை. ஃபைலைப் பாத்தவன் ஒம்போதுன்னு போட்டிருப்பான். அம்பாளைச் சேவிச்சவன்தான் மூணுன்னு போட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினார். கிரிக்கெட் இல்லாத நாளில் வரதன் மகா புத்திசாலி.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. புது டிசைனின் முதல் புடவை அம்மனுக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும். எந்தத் தெருவில், எந்த வெள்ளிக்கிழமை என்பதும் தெரியும். அன்று ஊர்வலத்தில் ஊரே கண்ணை மூடிக் கும்பிட்டது. இரண்டொருவர் மட்டும் கண்ணை மூடவில்லை, அவ்வளவுதான். நாங்கள் மோடத்துக்குக் காவல் வைத்துவிட்டு, டிசைனைப் பல்லக்கில் ஏற்றி மேளதாளத்தோடு நாலு தெருவும் சுற்றிக்காட்டியிருக்கிறோம்.

முதலாளி நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். இரண்டு புடவைகளையும் பார்த்தார். திட்டுவதற்கு ஆள் தேடுகிற மனுஷனுக்கு, ஆள் இல்லை. அம்மனைத் திட்ட முடியாது, அப்பா போட்ட வழக்கத்தைத் திட்ட முடியாது.

"நீ போமா. போய் வேலையப் பாரு," என்றார் எஸ்தரிடம். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஆனால் வட்டம் போட்ட தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். அவள் போகும் வரை தலை நிமிரவே இல்லை.

அவள் போன பிறகு, மெதுவான குரலில் கேட்டார். "இருந்தாலும் தம்பி, அந்தப் பொண்ணு அப்டி இன்னாதான் பாத்துக்கினு இருந்துது?"

"தெரியல முதலாளி. நான் பாக்கல."

"நீயா? பாக்கலியா?"

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "தெனம் அந்தப் பேப்பர்ல மொத வரியில ஒரு ரூம் கம்ப்யூட்டர் வருது முதலாளி. நாலு மணி நேரம். ஸ்கேல வெச்சு மூடித்தான் உங்களுக்குக் காப்பி எடுக்கறேன். அதையும் நான் பாக்கல."

முதலாளி மேஜை மணியை அடித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "ரெண்டு காப்பி கொண்டாபா" என்றார்.

அன்று மதியம் எஸ்தர் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சீங்க இல்லண்ணே?"

பொய் வாய் வரை வந்தது. "படிச்சேன்மா. தப்பு. லிஸ்டு குடுத்தது மொத தப்பு, படிச்சது ரெண்டாவது தப்பு. என்ன மன்னிச்சுடு."

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நாலு கம்பெனிக்குப் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. அதான் படிச்சுட்டீங்களே, அதுல இன்னா தப்பு இருந்துதுன்னு சொல்லக்கூடாதா?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வீட்டு அட்ரஸே இல்லையேமா. அவங்க இன்டர்வியூ கார்டு தபால்லதானே அனுப்புவாங்க? எங்க அனுப்புவாங்க?"

"மறந்து ஒண்ணும் போயிடல. அட்ரஸ் போட்டா எந்தக் காலனின்னு தெரிஞ்சுடும்ணே."

முந்தின நாள் ஒரு பென்சில் மூன்று பெயரில் ஒன்றை மட்டும் சுற்றியதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றவன் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ரொம்ப அவமானமாக இருந்தது. "வேணும்னா என் வீட்டு அட்ரஸப் போட்டுக்கோமா, வந்தா கொண்டாந்து குடுக்கறேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். "வேணாம்ணே. எங்க வீட்டு அட்ரஸே போடறேன். கூப்பிடறவங்க கூப்பிடட்டும்."

உட்கார்ந்து நாலு விண்ணப்பத்தையும் மறுபடி எழுதி அனுப்பினாள். அவளுக்குப் பழைய கோபம் போகவில்லை, ஆனாலும் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் மோடத்தில், சாப்பாட்டு நேரம் தாண்டியும் நடந்த வேலை. சிஸ்டம் இன்சார்ஜ் நானே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளி எப்படிப் போனது என்று கேட்பீர்கள். கீழே கடைப் பையன்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், "எண்ணிப் பாருங்கமா, அசல்ல ஒம்போதுக்கு ஒண்ணுதான் திரும்பும்" என்று சொல்ல, பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து அன்னம் எண்ணினார்கள். பதினெட்டுத் தறிச் சரக்கும் தேங்காமல் போனது. அடுத்த வருடத்திலிருந்து அம்மன் புதுப் புடவை கட்டுகிற அன்றைக்கே கடையிலும் அது விற்பனைக்கு வந்தது. எஸ்தருக்குத் தை மாதம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வீட்டு முகவரிக்கே கார்டு வந்தது. இப்போது அவளுக்குக் கீழே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களுடைய டாஷ்போர்டும் அவளிடம்தான் இருக்கிறது. அவளிடம் வேலைக்குச் சேர முடிந்தால் சேருங்கள்.

உங்கள் எச்.ஆர். விஷயத்துக்கு வருகிறேன். உடனே கொடுக்காதீர்கள். என்ன நடந்தது, என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு மனுஷனுடைய ஹிஸ்டரி இல்லாமலே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கொடுக்கிற தாளில் பென்சில் எங்கே வட்டம் போடும் என்பதையும் யோசியுங்கள். இதையெல்லாம் கேட்டால் உங்களை அதிகப்பிரசங்கி என்பார்கள். பரவாயில்லை, என்னையும் சொன்னார்கள்.

அந்த விண்ணப்பங்கள் போன அன்று சாயங்காலம் வழக்கம் போல அறிக்கை இறங்கியது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியதால் எஸ்தர் பெயர் வரதனையும் தாண்டி இரண்டாம் வரிக்கு வந்திருந்தது. இரண்டு வரியும் மறையும்படி ஸ்கேலைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்து ஜெராக்ஸ் எடுத்து, முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் தாளைக் கையில் எடுத்து, மேலே இருந்த வெள்ளைப் பட்டையை விரலால் அளந்தார்.

"இன்னாபா, இன்னைக்கு வெள்ளை கொஞ்சம் பெருசா இருக்குது?"

"ஸ்கேல் அகலம் முதலாளி."

தாளை மடித்து டிராயருக்குள் போட்டார். "அந்த ஸ்கேலே இருக்கட்டும்," என்றார்.